மணிக்கு மணி அலாரம்

ஜூன் 1, திங்கள்

பெறுநர்: டேட்டாபேஸ் பொறுப்பாளர், ஆய்வகக் கட்டடம்
அனுப்புநர்: கண்காணிப்புப் பிரிவு, தலைமை அலுவலகம்
பொருள்: முடிவுகள் சர்வரின் எச்சரிக்கை அளவை மாற்ற ஒப்புதல் கோருதல்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்திருக்கும் தங்கள் சர்வரை எங்கள் மென்பொருள் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது தாங்கள் அறிந்ததே. ஐந்து விநாடிக்குள் பதில் வந்தால் எங்கள் திரையில் பச்சை. தாண்டினால் சிவப்பு, அதோடு அலாரம். கடந்த சில மாதங்களாகக் காலை ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பிற்பகல் ஒன்று ஆகிய ஐந்து வேளைகளிலும் மணி அடித்தாற்போல் அலாரம் வருகிறது. தங்கள் சர்வர் தும்மினால், அதை நம்பியிருக்கும் முப்பத்தொரு இரத்த சேகரிப்பு மையங்களும் சேர்ந்து தும்முகின்றன. ஒரு வேளைக்கு முப்பத்திரண்டு அலாரம், நாளொன்றுக்கு நூற்று அறுபது. இரண்டே நிமிடத்தில் எல்லாம் தானாகவே அடங்கிவிடுகிறது. போய்ப் பார்த்தால் பழுது என்று எதுவும் இல்லை.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் பொய் அலாரம் நாளுக்குப் பத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இல்லையென்றால் கண்காணிப்பை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, என்னையும் என் பிரிவில் உள்ள மூவரையும் திசைக்கு ஒருவராக அனுப்பிவிடுவார்கள். எனவே அளவை ஐந்து விநாடியிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தத் தங்கள் ஒப்புதல் தேவை. சென்ற ஆண்டு ஒருவர் போனில் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு சொல்லவே இல்லை என்று சாதித்ததிலிருந்து, அளவு மாற்றம் எதுவானாலும் காகிதத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். படிவம் இணைத்துள்ளேன். திங்களும் வியாழனும் ஓடும் இரத்த மாதிரி வண்டியில் திருப்பி அனுப்பவும்.

இங்ஙனம்,
பொறுப்பாளர், கண்காணிப்புப் பிரிவு

——————

கோட்டுக்குக் கீழே எழுதுவது அலுவல் சம்பந்தப்பட்டதல்ல. அண்ணனை நான் கேட்டதாகச் சொல்லவும்.


ஜூன் 4, வியாழன்

கண்காணிப்புப் பிரிவுப் பொறுப்பாளருக்கு,

ஒப்புதல் இல்லை. படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

காய்ச்சல் நூற்று இரண்டு என்றால் மாத்திரை கொடுப்பார்களா, இல்லை நூற்று மூன்று வரை காய்ச்சலே இல்லை என்று தெர்மாமீட்டரில் கோடு போடுவார்களா? பன்னிரண்டு விநாடி என்று வைத்துவிட்டால் அலாரம் குறையும். உண்மையிலேயே சர்வர் திணறும் நாளிலும் குறையும். அந்த நாளில் முடிவுச் சீட்டுக்காக மையத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும், உங்கள் மென்பொருள் சொல்லாது.

தவிர, என் சர்வர் நன்றாகவே இருக்கிறது. இது வாய்ப்பேச்சு இல்லை. என்னிடம் சொந்தப் பதிவு இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் பதில் வந்திருக்கிறது. கோளாறு உங்கள் மென்பொருளில்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் நீங்கள் நிறுவியது, அதற்கும் வயதாகாதா?

டேட்டாபேஸ் பொறுப்பாளர்

——————

கோடு போட எனக்கும் தெரியும். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லிவிட்டேன். "என்னைக் கேட்டாளா? உன்னைக் கேக்கலையா?" என்றார். "இல்லை" என்றேன். அவ்வளவுதான்.


ஜூன் 8, திங்கள்

அண்ணி,

அம்மையீர் என்று ஆரம்பித்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். என் கூடப்பிறந்தவனின் மனைவியை அம்மையீர் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, நீங்கள் சிரித்தாலும் சரி.

வயதாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மூன்று நாளாக அதற்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. உங்கள் சர்வரில் உட்கார்ந்து எங்களுக்குச் சேதி சொல்லும் சின்ன புரோகிராமைப் புதுப்பித்தேன், ரீஸ்டார்ட் செய்தேன். பழைய பதிவுகள் டிஸ்க்கை அடைத்திருக்குமோ என்று நாற்பது ஜிபி குப்பையை அள்ளிக் கொட்டினேன். எங்கள் பக்கத்து மெஷினுக்கு மெமரி கூட்டினேன். நெட்வொர்க்காரரை உட்காரவைத்து ஒரு முழுக் காலை கேபிளுக்குக் காவல் வைத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் பாவம். பத்து மணி ஆயிற்று, முப்பத்திரண்டு அலாரமும் அடித்தது, "லைன் சுத்தமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

பிரிவில் என் எதிர் மேசைக்காரர் தன் பொருள்களைப் பெட்டியில் போட ஆரம்பித்துவிட்டார். கேட்டால் "சும்மா சுத்தம் பண்றேன்" என்கிறார். ஏழு வருடம் சுத்தம் செய்யாத மேசை அது. வெறும் பச்சை சிவப்பு விளக்குகள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தத் திரையில் ஒவ்வொரு விளக்கையும் நான் என் கையால் வைத்தேன்.

சொந்தப் பதிவு என்று ஒரு வார்த்தை போட்டீர்களே, அது என்ன? எனக்குக் காட்டலாமா? இல்லை, அந்த மதியச் சாப்பாட்டுக் கோபம் இன்னும் தீரவில்லையா? ஏதோ வாய் தவறி வந்த ஒரு ஜோக். எல்லோரும்தானே சிரித்தார்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 11, வியாழன்

எல்லோரும்தானே சிரித்தார்கள் என்கிறாய். ஆமாம், எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் விஷயமே.

நீ மறந்திருப்பாய், நான் சொல்கிறேன். புது வீட்டுக்கு வந்து முதல் தடவையாக எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். பதினோரு பேர். பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்துபோய், மாற்று சிலிண்டர் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே நான் வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து உன் குரல் கேட்டது: "அண்ணி வீட்டு அடுப்பும் அண்ணியோட சர்வரும் ஒண்ணுதான்பா. எப்பக் கேட்டாலும் பதில் லேட்டாத்தான் வரும்!" என் அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் உன் அண்ணன்.

அடுப்பைப் பற்றிச் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். எனக்குச் சமையல் வேகம் போதாது, அது ஊரறிந்தது. ஆனால் அந்த சர்வர் என் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து செய்கிற வேலை. அதில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. அதைப் போய் நாலு பேர் முன்னால் கேலிப்பொருளாக்கினாய். அது சரியாக இருக்கிறதா இல்லையா என்று திரையில் பார்க்கும் ஒரே ஆள் நீ. நீ சொன்னால் அது உண்மை என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்?

சொந்தப் பதிவு எது என்று கேட்டாய். அடுத்த நாளே எழுதினேன். சர்வரைப் பார்த்துக்கொள்ள எனக்கென்று ஒரு சின்ன புரோகிராம். என் சர்வர் தாமதம் என்று இன்னொரு தடவை உன் வாயால் நான் கேட்கக் கூடாது, எனக்கே முதலில் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

நான் எதையும் மறைக்கிறவள் இல்லை. ஒரு நாள் பதிவை அச்செடுத்து இணைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்.

அண்ணி


ஜூன் 15, திங்கள்

அண்ணி,

உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் தாள் வெள்ளிக்கிழமை மதியம் கைக்கு வந்தது. முதல் வரியைப் பார்த்தேன்: எட்டு மணி. அடுத்தது எட்டு இருபது. அப்புறம் எட்டு நாற்பது, ஒன்பது. ஒன்பது மணிக்கு மட்டும் பதில் நேரம் பதினோரு விநாடி என்று இருந்தது. மற்ற எல்லாம் ஒரு விநாடிக்குள். பத்தும் பதினொன்றும் அப்படியே. அதையெல்லாம் நீங்கள் "பெரும்பாலும்" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டீர்கள். தாளை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிர் மேசைக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு "என்னாச்சும்மா?" என்று ஓடிவந்தார்.

உங்கள் புரோகிராம் என்ன செய்கிறது? இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, முடிவுகள் அட்டவணையை மேலிருந்து கீழ்வரை எண்ணி, இன்றைக்கு எத்தனை முடிவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறது. என்னுடையது? பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதே அட்டவணையை அதே மாதிரி எண்ணுகிறது. பதினைந்தும் இருபதும் எங்கே சந்திக்கும்? மணிக்கு மணி. இரண்டு பேரும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து, நீ நகரு, நீ நகரு என்று முட்டிக்கொண்டு நிற்கிறோம். மற்ற நேரத்தில் சர்வர் தாங்கிக்கொள்கிறது. காலையில் மையங்களுக்கான முடிவுகள் குவியும்போது மட்டும் மூச்சுத் திணறுகிறது. அப்போது என் திரையில் சிவப்பு, உங்கள் பதிவில் பதினோரு விநாடி. நான் உங்கள் சர்வரைத் திட்டுகிறேன், நீங்கள் என் மென்பொருளைத் திட்டுகிறீர்கள். நோய் என்று எதுவும் இல்லவே இல்லை. நாடி பார்க்க வந்த நாம் இருவரும்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை என் எண்ணிக்கைச் சோதனையை ஏழு நிமிடம் தள்ளிவைத்துப் பார்த்தேன். ஒரு அலாரமும் இல்லை. ஆனால் அது ஒட்டுப்போடுகிற வேலை. உங்களது இருபதில், என்னுடையது இருபத்திரண்டில். ஒரு நாள் எண்ணி முடிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் மறுபடியும் முட்டும். மணிக்கு ஏழு தடவை ஒரே அட்டவணையை இரண்டு பேர் எண்ணுவதும் அநியாயம். இரண்டில் ஒன்று நிற்க வேண்டும். எது என்று நீங்களே சொல்லுங்கள். அதுவரை தள்ளிவைத்தபடியே இருக்கட்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நான் அன்று சொன்னது ஜோக் இல்லை, அண்ணி. அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது. என் வேலையில் நான் நன்றாகச் செய்தால் ஒன்றும் நடக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. உங்கள் சர்வரைப் பற்றி மட்டும் எல்லோரும் பேசுவார்கள். அந்த எரிச்சலை உங்கள் வீட்டிலேயே, உங்கள் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டே காட்டினேன். தப்பு என்னுடையதுதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 18, வியாழன்

வாலு,

உன் அண்ணன் வைத்த பெயரைத்தான் எழுதுகிறேன். நாலு மாதமாக இந்தப் பெயரைச் சொல்லாமல் என் நாக்குக்கே ஒரு மாதிரி இருந்தது.

கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். இருபது வருட அனுபவம் என்று பேர். அடுத்தவர் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோரு விநாடி என்று என் பதிவிலேயே இருந்ததையும் பார்த்தேன். உன் மென்பொருள் வந்து இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு அப்பால் போய்விட்டேன். அதில் பாதி சரிதானே!

எது நிற்க வேண்டும் என்று கேட்டாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உன்னுடையது நிறுவனத்தின் கண்காணிப்பு. என்னுடையது கோபத்தில் எழுதியது. நேற்று புதன்கிழமை சாயங்காலம் என் புரோகிராமை நிறுத்தி அழித்துவிட்டேன். இனி என் சர்வரை உன் கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறேன். மாதக் கடைசி எண்ணிக்கையும் உனக்கு நன்றாக வரும். உன் எதிர் மேசைக்காரரைப் பெட்டியைப் பிரிக்கச் சொல்.

அந்த மன்னிப்பையும் படித்தேன். இரண்டு முறை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

அண்ணி


ஜூன் 18, வியாழன்

அண்ணி,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். எது நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டேனே தவிர, அப்புறம் உறுத்தலாக இருந்தது. நீங்கள் என்ன சொல்வீர்கள்? பெருந்தன்மையாக "என்னுடையதை நிறுத்துகிறேன்" என்பீர்கள். அதைச் சொல்ல வைப்பதற்காகக் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

அந்த சர்வரை உங்களைவிடத் தெரிந்தவர் யார்? நீங்கள் எண்ணினால் போதும். நேற்று சாயங்காலம் என் எண்ணிக்கைச் சோதனையை எடுத்துவிட்டேன். அளவை மாற்றத்தான் இரண்டு கையெழுத்து, சோதனையை எடுக்க விதியில் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் புரோகிராம் எழுதி வைக்கும் எண் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அந்தத் தாளின் தலைப்பிலேயே இருந்தது. அதைப் படித்து என் திரையில் காட்டும்படி செய்துவிட்டேன். இனி முடிவுகள் சர்வருக்கு உங்கள் எண்தான் எங்களுக்கும் எண்.

இன்று காலையிலிருந்து திரை முழுக்கப் பச்சை. ஒன்பது மணிக்கு நாங்கள் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றோம். ஒன்றுமே அடிக்கவில்லை. "காது அடைச்சுப்போச்சோன்னு நெனச்சேன்" என்றார் எதிர் மேசைக்காரர். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது, அண்ணி.

உங்கள் வாலு


ஜூன் 22, திங்கள்

அண்ணி,

வெள்ளிக்கிழமை அந்த அவசரப் போன் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் நடுவில் உங்கள் குரல் கேட்டது. "ஏற்றும் புரோகிராம் நின்னுருக்கு, பாஸ்வேர்டு காலாவதி, மாத்துறேன்" என்று ஒரே மூச்சில் சொன்னீர்கள். வேலையைத் தவிர நாம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியவில்லை. அதனால் முழுக் கதையையும் எழுதுகிறேன்.

வியாழன் வண்டியில் உங்கள் கடிதமும் என் கடிதமும் எங்கோ வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. இங்கே தபால் பிரிப்பது மதியத்துக்கு மேல். வெள்ளி காலை ஒன்பது இருபதுக்கு முடிவுகளை உங்கள் சர்வருக்குள் ஏற்றும் புரோகிராம் நின்றபோது, உங்கள் கடிதம் என் தட்டில் ஒட்டின உறையோடு கிடந்தது. உங்கள் தட்டில் என்னுடையது.

சர்வருக்கு ஒரு குறையும் இல்லை. டிஸ்க் சரி, மெமரி சரி. வேலையே வராததால் முன்னைவிட உற்சாகமாகப் பதில் சொன்னது. உள்ளே ஏறும் முடிவுகளை யாராவது எண்ணியிருந்தால்தான் தெரிந்திருக்கும். எண்ண யாரும் இல்லை. உங்களுடையதை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள், என்னுடையதை நான். நான் புதிதாகக் கட்டிய விளக்கோ, உங்கள் புரோகிராம் புதன்கிழமை கடைசியாக எழுதிவிட்டுப் போன எண்ணை அப்படியே பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. எண் எத்தனை பழசு என்று பார்க்கச் சொல்ல மறந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு மையத்துக் கணக்காளர் போன் செய்தார். "காலைலேர்ந்து ஒரு ரிசல்ட்டும் வரலைங்க, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" தெரியாது, அண்ணி. என் ஏழு வருடத்தில் அந்தக் கேள்விக்கு முதல் தடவையாகத் தெரியாது என்று சொன்னேன். இருநூற்றுப் பதினான்கு பேருடைய முடிவுகள் பரிசோதனை இயந்திரங்களிலேயே தங்கிவிட்டன. நல்லவேளை, எதுவும் தொலையவில்லை. நீங்கள் பாஸ்வேர்டை மாற்றியதும் பத்து நிமிடத்தில் எல்லாம் ஏறிவிட்டன. ஆனாலும் ஒருவருடைய ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போயிருக்கிறது. அவர் நலமாக இருக்கிறார், விசாரித்தேன்.

வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம். மேலாளர் எங்கள் பிரிவின் கதையை அன்றைக்கே முடிவு செய்வார். சம்பவ அறிக்கை நான்தான் எழுத வேண்டும். அந்தப் படிவத்தில் "ஏன்?" என்று ஐந்து கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ஏன் என்று கேட்டு, ஐந்தாவதில் ஆணிவேரைத் தொட வேண்டும். "மென்பொருள் கோளாறு" என்று முதல் கட்டத்திலேயே நிறுத்திக்கொண்டால் என் பிரிவு பிழைத்தாலும் பிழைக்கும். பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. என்ன எழுத?

வாலு


ஜூன் 25, வியாழன்

வாலு,

பூசி மெழுகாதே. உள்ளதை எழுது. என் பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயரைப் போடு. நான் சொல்லாமல் ஓட்டிய புரோகிராமை மறைத்து எனக்கு நல்ல பெயர் வாங்கித் தராதே. இந்த ஊருக்கே நல்லவளாக இருக்கிறேன் என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய் சர்வரை அநாதையாக விட்டோம். அது போதும்.

உன் பிரிவு போனால்? போகாது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரியும். வெள்ளிக்கிழமை பதினொன்று ஐம்பதுக்கு என்னைக் கூப்பிட்டவுடன், எந்தப் புரோகிராம், எப்போதிலிருந்து நிற்கிறது என்று மூன்றே நிமிடத்தில் தேடிச் சொன்னாய். வெளி நிறுவனத்தில் முதலில் டிக்கெட் எண் கேட்பார்கள்.

உன் அண்ணன் இரண்டு நாளாக என்னிடம் "என்னாச்சு, என்னாச்சு" என்கிறார். "உங்க தங்கச்சிக்குப் பரீட்சை" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தைரியமாகப் போ.

அண்ணி


ஜூன் 29, திங்கள்

அண்ணி,

பிரிவு தப்பித்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடிதத்தைக் கடைசியிலிருந்து படிப்பீர்கள்.

கூட்டத்தில் பதிமூன்று பேர். மேலாளர் எந்தக் காகிதத்தையும் கையில் பென்சில் இல்லாமல் படிக்க மாட்டார். என் அறிக்கையைச் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார். அலாரம் ஏன் அடிக்கவில்லை? எண்ணிக்கையைச் சோதிக்க எதுவும் இல்லை. ஏன் இல்லை? இருவரும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். ஏன் இருவரும்? ஒருவர் நிறுத்தியது மற்றவருக்குத் தெரியாது. ஏன் தெரியாது? இருவரும் நேரில் பேசுவதில்லை, வாரம் இரண்டு நாள் ஓடும் வண்டியில் கடிதம் அனுப்பிக்கொள்கிறார்கள். அதுவரை ஓட்டமாகப் படித்தவர் ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஏன் பேசுவதில்லை? நான் என் அண்ணியின் வேலையைப் பதினோரு பேர் முன்னால் கேலி செய்தேன். அவர் சர்வர் எப்போதும் தாமதம் என்றேன். அது பொய். ஏழு வருடப் பதிவில் அது உண்மையாகத் தாமதமான நாள்கள் நான்கே நான்கு."

கணக்குப் பிரிவுத் தலைவர் இருமினார். எனக்குக் காது சுட்டது. ஆனால் அன்றைக்குப் பதினோரு பேர் முன்னால் சொன்னதை இன்றைக்குத் தனியாகக் கடிதத்தில் எடுத்துக்கொண்டால் சரியாகாது என்று தோன்றியது, அண்ணி. பதிமூன்று பேர் இருந்தது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மேலாளர் பென்சிலைக் கீழே வைத்தார். "பத்து வருஷமா இந்தப் படிவத்தைப் படிக்கிறேன். அஞ்சாவது கட்டத்துல எல்லாரும் 'பயிற்சி போதவில்லை'ன்னுதான் எழுதுவாங்க" என்றார். பிறகு எங்கள் பிரிவைக் குறைந்தது ஓராண்டுக்கு அப்படியே வைத்திருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய் அலாரம் சென்ற வாரம் நாளுக்கு மூன்று. எண்ணிக்கைச் சோதனை என் பக்கம் மட்டும் திரும்ப ஓடுகிறது. எண் பழசானால் விளக்கு சாம்பல் நிறமாகும்படி செய்துவிட்டேன்.

"இனி நிகழாமல் தடுக்க" என்ற கட்டத்தில் அவரே பென்சிலால் எழுதியது: "இரு பொறுப்பாளர்களும் தினமும் காலை பத்து மணிக்குப் போனில் பேச வேண்டும்." உங்கள் கையெழுத்து வேண்டுமாம். அறிக்கையை இணைத்துள்ளேன்.

எதிர் மேசைக்காரர் பெட்டியைப் பிரித்துவிட்டார். மேசை மறுபடியும் பழைய கோலத்துக்கு வந்துவிட்டது.

வாலு


ஜூலை 2, வியாழன்

வாலு,

கையெழுத்துப் போட்டு அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அதை உன் அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். ஐந்தாவது கட்டம் வரை வந்து, தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, சமையலறை வாசலுக்கு வந்தார். பிறகு, "அன்னிக்கு நான்தான் ரொம்ப சத்தமா சிரிச்சேன், இல்ல?" என்றார். நாலு மாதம் கழித்துக் கேட்கிறார். நான் "ஆமா" என்றேன். காய் நறுக்க உட்கார்ந்துகொண்டார். வேகம் போதாது, ஆனால் நறுக்கினார். என் மனம் குளிர்ந்துவிட்டது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

உன் அறிக்கையில் மேலாளரின் பென்சிலுக்குத் தப்பிய ஒரு பிழை இருக்கிறது. ஐந்தாவது பதிலைப் பாதியில் நிறுத்திவிட்டாய். கேலி செய்தது ஒரு நாள். பேசாமல் இருந்தது நாலு மாதம். மிச்சத்தை நீ எழுதியிருக்கலாம், எழுதினால் என்னைக் குற்றம் சொன்னது போலாகும் என்று விட்டிருக்கிறாய். உன் வரிக்குக் கீழே இடம் இருந்தது. பேனாவால் நானே எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்:

"அடுத்த நாளிலிருந்து அவள் ஒன்பது முறை எனக்குப் போன் செய்தாள். நான் எடுக்கவில்லை."

நாளை பத்து மணிக்கு நான் அழைக்கிறேன்.

அண்ணி